தாழ்த்திய காரும் தேயும் டயரும்

காரின் உடலைத் தரையை நோக்கி நாற்பது ஐம்பது மில்லிமீட்டர் இறக்கிக்கொண்டவர்கள், சில மாதங்களுக்குள் முன் டயர்களின் உட்புறம் நூல் தெரியுமளவுக்குத் தேய்ந்துபோனதைக் கண்டதும், சக்கரம் உள்ளே சாய்ந்துவிட்டதுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். சாய்வு கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே குற்றமும் அதன்மேல் விழுகிறது. வாஸ்தவத்தில் அந்தத் தேய்மானத்தில் பெரும்பங்கு, எதிரே நின்று பார்ப்பவருக்கு எளிதில் புலப்படாத வேறொரு கோணத்தைச் சேர்ந்தது.

மாருதி ஸ்விஃப்ட் போன்ற நம் நாட்டுச் சிறு கார்கள் முன்புறத்தில் மெக்ஃபர்சன் ஸ்டிரட் என்ற அமைப்பைக் கொண்டவை. ஃபோர்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற எஞ்சினீயரின் பெயரால் வழங்குவதும், 1950-இல் பிரிட்டனில் காட்சிக்கு வந்த ஃபோர்டு கான்சல் காரினால் பிரசித்தி பெற்றதுமான இவ்வமைப்பில், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்து சக்கரத்தைத் தாங்க, அதன் அடியை லோயர் ஆர்ம் என்ற ஒற்றைக் கரமும், பக்கவாட்டில் ஸ்டியரிங்கிலிருந்து வரும் டை ராடும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உடல் இறங்கும்போது இவ்விரண்டும் தத்தம் கீல்களைப் பற்றி வட்டவில்லாக நகர்கின்றன. நீளத்திலும் கீலின் ஸ்தானத்திலும் அவை வேறுபடுவதால் அந்த வில்கள் ஒத்துப்போவதில்லை. சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பிவிடுவது அதனால்தான். எந்தப் பக்கம் என்பது காருக்குக் கார் மாறும். இந்தத் திருப்பத்துக்கு டோ என்றும், சக்கரத்தின் உச்சி சாய்வதற்குக் கேம்பர் என்றும் பட்டறையில் பெயர்.

டோ என்ன செய்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். தான் செல்லும் திசையிலிருந்து ஒரு டிகிரி விலகி நிற்கும் சக்கரம், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 17 மீட்டர் தூரம் பக்கவாட்டில் இழுபடுகிறது. அரை டிகிரியானால் ஒன்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களுக்கு, உருண்டுகொண்டே தேய்க்கவும்படுகிற ரப்பர், பள்ளிப் பிள்ளையின் அழிப்பான் போலக் கரையாமல் என்ன செய்யும்? கேம்பரோ, மிதமாகத் தாழ்த்திய கார்களில் பெரும்பாலும் ஒரு டிகிரிக்குள்தான் மாறுகிறது. அது பாரத்தை உள்விளிம்பின் பக்கம் சற்றே சேர்க்கிறதேயன்றி, தன்னந்தனியாக டயரை அவ்வளவு விரைவில் அழிப்பதில்லை. வெளிநோக்கிய டோவும் சாய்வும் கூடிக்கொண்டால்தான் உள்விளிம்புக்கு நாசம். ஐயமிருந்தால் டயரின் முகத்தைக் குறுக்கே உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம்போல் கூர்மையாகவும் பட்டால் குற்றவாளி டோவே.

ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிட்டால் உயரம் மட்டுமே குறையும் என்பது மற்றொரு நம்பிக்கை. இதைப் பரப்புகிறவர்கள் மேல் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு, இயங்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதத்தில் உள்ளது. ஆறு சுற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சியது 20 சதவிகிதம் விறைத்துவிடுகிறது. பழைய ஷாக் அப்சார்பரால் அதை அடக்க முடியாமற் போகலாம். வெட்டிய முனை தன் தட்டில் சரியாக அமராமல், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது நழுவவும் கூடும். காஸ் சுடரில் காய்ச்சிக் குறுக்குவது இன்னும் கொடியது; எஃகு பெற்றிருந்த பதமே அங்கே அழிகிறது. தாழ்த்துவதற்கென்றே தயாரித்த குட்டை ஸ்பிரிங்குகளைத் தவிர வேறொன்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

தாழ்ந்தால் வளைவுகளில் பிடிப்புக் கூடும் என்பதும் பாதி உண்மைதான். புவியீர்ப்பு மையம் இறங்குவது நன்மையே. ஆனால் ஸ்டிரட் அமைப்பில், உடல் எந்த அச்சைப் பற்றிச் சாய்கிறதோ அந்த அச்சு, புவியீர்ப்பு மையத்தைக் காட்டிலும் வேகமாக இறங்கிவிடுவதால், இரண்டுக்கும் இடைவெளி கூடி, சாயவைக்கும் நெம்புகோல் நீண்டுவிடுகிறது. சக்கரத்தின் மேல்நோக்கிய பயணமும் சுருங்கி, அதன் எல்லையிலுள்ள பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு சீக்கிரமே முட்டுகிறது. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எவ்வளவு தாழ்த்துவது என்று முடிவு செய்வது நல்லது.

இனி, இந்தக் கோணங்களை அளந்து திருத்தும் அலைன்மென்ட். அளக்கும் இயந்திரத்தின் திரையில் கேம்பர் சிவப்பாகத் தெரிந்ததும், "இந்த வண்டிக்கு ஒன்றும் செய்ய முடியாது" என்று அனுப்பிவிடும் இடங்களும், அதைக் கேட்டுத் திரும்பிவிடும் உரிமையாளர்களும் உண்டு. இத்தகைய கார்களில் கேம்பரைத் திருத்தத் தனி ஏற்பாடு இல்லை என்பது பெரும்பாலும் மெய். தேவையானால் மையம் விலகிய போல்ட்டுகளைப் போட்டுச் சிறிது திருத்தலாம். ஆனால் டோவைத் திருத்த டை ராடின் மரையே போதும். கேம்பர் சிறிது சிவப்பில் நின்று டோ சரியாக அமைந்த கார் அதிகம் இழப்பதில்லை. இடது வலது கேம்பர்களுக்குள் பெரிய வித்தியாசம் மட்டும் கூடாது; வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இவ்வகைக் கார்கள் பலவற்றின் பின்புறத்திலுள்ள டார்ஷன் பீம் என்ற அச்சு, உயரம் மாறினாலும் கோணத்தை அதிகம் மாற்றிக்கொள்வதில்லை என்பது ஆறுதல்.

திரையில் எல்லாம் பச்சையாகிவிட்டாலும் வேலை முடிந்ததென்று கொள்ளலாகாது. கரத்தின் கீல்களான புஷ்ஷிலோ பால் ஜாயிண்டிலோ ஆட்டமிருந்தால் நின்ற நிலையில் எடுத்த அளவு ஓட்டத்தில் நிலைக்காது. ஆகையால் முதலில் ஆட்டம் பார்த்து, லோயர் ஆர்ம் புஷ்களின் போல்ட்டுகளைச் சக்கரங்கள் பாரம் தாங்கி நிற்கையில் முறுக்கி, காற்றழுத்தம் சரிசெய்து, ஸ்டியரிங்கை நேரே நிறுத்தி, கேம்பரைத் தொட வேண்டியிருந்தால் தொட்டபின்பே டோவை அமைக்க வேண்டும். கேம்பரை அசைத்தால் டோவும் அசையும். புது ஸ்பிரிங்குகள் சில நூறு கிலோமீட்டர் ஓடி நிலைபெற்றபின் மறுபடி ஒருமுறை அளந்து, முன்னும் பின்னுமான டிகிரிக் கணக்கை அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன்புறம் அதிகம் இறங்கியிருந்தால் ஹெட்லைட்டின் ஒளியும் கிட்டத்திலேயே விழும். அதையும் அன்றைக்கே உயர்த்தி அமைத்துக்கொள்ள வேண்டும்.