தக்காளி முன்னே, பாசில் பின்னே

மாணவர்களே! இத்தாலிய வீடுகளில் பாஸ்தாவுக்குக் குழம்பு வைக்கும்போது, தோட்டத்துத் தக்காளி ஆலிவ் எண்ணெயில் நன்றாக வேகும். பாசில் இலைகள் பெரும்பாலும் இறக்கும் தறுவாயில்தான் சேரும். (நம் திருநீற்றுப்பச்சையும் அதே இனமே.) ஏன் இந்த வரிசை?

தக்காளிக்குச் சிவப்பு தருவது லைக்கோபீன் என்னும் நிறப்பொருள். இது செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. வெப்பம் செல்சுவரைத் தளர்த்தி இதை வெளிவிடுகிறது. லைக்கோபீன் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எனவே, சமைக்காத தக்காளியைவிட எண்ணெயில் வெந்த தக்காளியிலிருந்து நம் குடல் இதை எளிதில் உறிஞ்சுகிறது. வைட்டமின் சி குறைந்துபோவது நட்டந்தான்.

பாசிலின் மணமோ லினலூல் போன்ற, எளிதில் ஆவியாகும் பொருள்களால் ஆனது. நெடுநேரம் கொதித்தால் மணம் அடுக்களைக்குத்தான், தட்டுக்கு அல்ல!

மிளகாய் சேர்க்காமல் செய்து பாருங்கள். மேலே மிதக்கும் எண்ணெய் செம்மஞ்சளாகியிருக்கும்.