வாசிப்பை அளப்பது எப்படி?

முதலில் ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மூன்றாம், நான்காம் வகுப்பில் படிக்கும் தம்பி தங்கை இருந்தால் அழையுங்கள். பாடநூலில் இதுவரை படிக்காத ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் பிழையின்றிப் படித்த சொற்கள் எத்தனை என்று எண்ணி எழுதி வையுங்கள். அதே பக்கத்தை நீங்களும் படித்து எண்ணுங்கள். இந்த இரண்டு எண்களும் நமக்குப் பிறகு வேண்டும்.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இந்த வேலையில் ஆர்வம் பிறந்தது 2021 டிசம்பரில். எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. கொரோனா தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் திறந்தன. ஆகவே அவள் இரண்டாம் வகுப்பு முழுவதையும் வீட்டிலேயே கழித்தவள். கதைப் புத்தகத்தில், யானை ஒன்று தண்ணீர் தேடி மலையடிவாரத்துக்குப் போனதாக ஒரு வரி. விரலை வைத்து “யா... னை...” என்று எழுத்தெழுத்தாகப் படித்து முடித்தாள். “யானை எதைத் தேடிப் போனது?” என்று கேட்டேன். “எந்த யானை?” என்றாள்! அதே வரியை நான் படித்துக் காட்டியதும், “தண்ணி! அங்க இருந்துச்சா மாமா?” என்று திருப்பிக் கேட்டாள்.

அவளுக்குத் தமிழ் தெரியும், எழுத்துகளும் தெரியும். பிறகு எங்கே தடை?

நாம் படிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை; தத்தித் தத்திச் செல்கிறது. பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஷவால் 1879-இல் இதைப் பற்றி எழுதினார். பழகிய வாசகரின் கண் ஓரிடத்தில் ஏறக்குறைய கால் விநாடி நின்று, அடுத்த இடத்துக்குத் தாவும். விழித்திரையில் மிகத் தெளிவாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டை விரலைப் பாருங்கள். ஏறக்குறைய அதன் அகல அளவுதான் ஒரே சமயத்தில் கூர்மையாகத் தெரியும். அந்தச் சிறு சாளரத்துக்குள் பழகியவர் ஒரு சொல்லையே முழுதாகப் பிடித்துவிடுகிறார். பழகாத குழந்தையோ ஒவ்வோர் எழுத்திலும் நிற்கிறது.

தமிழில் இன்னொரு சங்கடம் உண்டு. ‘கொ’ என்பதில் கொம்பு முன்னால், ‘க’ நடுவில், கால் பின்னால். மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் ஒலி கிடைக்கும். 247 எழுத்துகளும் ஒழுங்கான விதிப்படி அமைந்தவைதாம். ஆனால் விதியை யோசித்துப் படிப்பது வேறு, யோசிக்காமலே படிப்பது வேறு. பின்னது பழக்கத்தால் மட்டுமே வரும்.

இப்போது ஒரு கணக்கு. வாக்கியத்தில் 12 சொற்கள். நிமிடத்துக்கு 100 சொல் படிப்பவருக்கு அது 7 விநாடி வேலை. நிமிடத்துக்கு 20 சொல் படிக்கும் குழந்தைக்கு 36 விநாடி. நம் தற்காலிக நினைவில் ஒரு நேரத்தில் சில பொருள்களே தங்கும். கவனம் வேறு பக்கம் போனால் அவையும் சில விநாடிகளில் மறையும். வினைச்சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் யானை மறைந்துவிட்டது. நான் படித்தபோது அது மறையவில்லை.

இது ஒரு சிறுமியின் கதை மட்டுமா? அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்தனர். ஒரு குழந்தையின் அன்றைய மதிப்பெண்ணையும் இன்றைய மதிப்பெண்ணையும் ஒப்பிட்டால் இழப்பு தெரியாது. வயது ஏறியதால் மதிப்பெண்ணும் சற்றே ஏறியிருக்கலாம். எனவே 2021 டிசம்பரில் இருந்த குழந்தைகளை, அதே ஊர்களில் 2019-இல் அதே வயதில் இருந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

விடை: தமிழில் 0.34 திட்ட விலக்கமும், கணிதத்தில் 0.7 திட்ட விலக்கமும் பின்னடைவு. புரியும்படி சொல்கிறேன். 2019-இல் 100 குழந்தைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்துங்கள். கடைசியில் நிற்பவர் 1. நடுவில், 50-ஆம் இடத்தில் நிற்கவேண்டிய குழந்தை, தமிழில் 37-ஆம் இடத்துக்கும் கணிதத்தில் 24-ஆம் இடத்துக்கும் போய்விட்டது. வீட்டிலும் தெருவிலும் தமிழ் காதில் விழுகிறது; வகுத்தல் கணக்கு விழுவதில்லை. வேறுபாட்டுக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இந்தப் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு சரியாயிற்று. அந்த மீட்சியில் 24 சதவீதம், 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புகளால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டனர். எங்கள் தெருச் சிறுமியும் அப்படி ஒரு திண்ணை வகுப்புக்குத்தான் போனாள்.

நாடு முழுவதற்குமான ‘ஏசர்’ ஆய்வைப் பாருங்கள். இந்தியக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 2018-இல் 27.3 சதவீதம், 2022-இல் 20.5; 2024-இல் 27.1. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லலாமா? அவசரப்படாதீர்கள்! 2024-இல் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் தொற்றுக்காலத்துக்குப் பிறகு பள்ளியில் சேர்ந்தவர்கள். 2022-இன் மூன்றாம் வகுப்பு 2024-இல் ஐந்தாம் வகுப்பு. அவர்களில் அதே பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 48.8 சதவீதம். தொற்றுக்கு முன்பும், 2018-இல், ஐந்தாம் வகுப்பின் நிலை சுமார் 50 சதவீதமே. ஆகவே எல்லாப் பழியையும் கிருமியின் தலையில் போட முடியாது.

சரி, எழுதி வைத்த எண்களுக்கு வருவோம். தம்பிக்கோ தங்கைக்கோ தினமும் பத்து நிமிடம் உரக்கப் படிக்கத் துணையிருங்கள். தடுமாறும் சொல்லை நீங்கள் சொல்லிக் கொடுத்து, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மீண்டும் படிக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் மூன்று புதிய பக்கங்களில் ஒவ்வொரு நிமிடம் அளந்து சராசரி எடுங்கள். ஒரே பக்கத்தை நம்பினால், அது கடினமாக அமைந்த வாரத்தில் வேகம் குறைந்ததாகத் தோன்றும். கூடவே பக்கத்துக்கு ஒரு கேள்வி கேளுங்கள். கிடைமட்ட அச்சில் வாரம், செங்குத்து அச்சில் நிமிடத்துக்கு எத்தனை சொல். எட்டு வாரம் கழித்துப் புள்ளிகளை இணைத்து, கோடு நேராகப் போகிறதா, வளைகிறதா என்று பாருங்கள்.