பூடான் – கடல் பார்க்காத நாடு

அட்லஸில் இமயமலையோடு ஒட்டிக்கிட்டு இருக்கும் பூடானைப் பத்தி எழுதுறேன். வடக்கே சீனா, மற்ற மூன்று பக்கமும் இந்தியா. தலைநகர் திம்பு. பணம் நுல்ட்ரம், நம்ம ரூபாய்க்குச் சமம்.

நிலத்தில் 60 சதவீதம் எப்பவும் காடாவே இருக்கணும்னு 2008 அரசியல் சட்டத்திலேயே எழுதி வெச்சிருக்காங்க. மலை ஆறுகளில் மின்சாரம் எடுத்து நமக்கும் விற்கிறார்கள். 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கர் புன்சும் சிகரத்தில் இதுவரை யாரும் ஏறியதில்லை. 2003 முதல் மலையேற்றத்துக்கே தடை!

'மகிழ்ச்சி நாடு' என்று எல்லோரும் புகழ்வார்கள். ஆனால் 1990களில் நேபாளி பேசும் சுமார் ஒரு லட்சம் பேர் அங்கிருந்து விரட்டப்பட்டு, நேபாளத்தில் மூங்கில் குடிசை முகாம்களில் வாழ்ந்தார்கள். மகிழ்ச்சிக் கணக்கில் இவங்களைச் சேர்க்கலையேன்னு எனக்கு உறுத்துது. 2007க்குப் பிறகு பெரும்பாலோர் அமெரிக்கா போன்ற நாடுகளில் குடியேறினார்கள். சில ஆயிரம் பேர் இன்னும் முகாமில்தான்.