மூப்பு நோயன்று



1960ஆம் ஆண்டு எல்லைத் திருத்தத்தால் ஆந்திரத்தோடு சேர்ந்த சத்தியவேடு எனது ஊர். அங்கே வீட்டு நாய் தீனி எடுக்காமல் மூலையில் படுத்துவிட்டால், "வயதாகிவிட்டது, இனி என்ன செய்வது?" என்று கைவிடுவோரே மிகுதி. மூப்பு இயற்கை, நோயன்று. ஆனால் நோய்கள் பல மூப்பின் போர்வையில் மறைந்து வருகின்றன. கால்நடை மருத்துவம் பயிலும் நான் அவற்றுட் சிலவற்றை இங்குக் கூற விரும்புகிறேன்.

நாய் ஏறத்தாழ 7 வயதிலும், பூனை 10 வயதை ஒட்டியும் மூப்பெய்துகின்றன. பேரின நாய்கள் இன்னும் முந்திவிடும். நமக்குப் பல ஆண்டுகளில் நேரும் மாறுதல் அவற்றிற்குச் சில திங்களிலேயே நேர்கிறது. ஆதலின் ஆண்டுக்கு 2 முறை மருத்துவரிடம் காட்டுதல் நலம். 1903இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1955இல் தோன்றிய திருப்பதிக் கல்லூரியும் எங்கள் ஊரார்க்கு எட்டும் தொலைவில்தான் உள்ளன.

வீட்டில் நாம் கவனிக்க வேண்டியவை யாவை?

முதலாவது, தண்ணீர். கிழப் பூனை வழக்கத்தினும் மிகுதியாகக் குடித்து, மிகுதியாகச் சிறுநீர் கழித்தால் சிறுநீரகத்தை ஐயுறுக. சிறுநீரகம் மூன்றில் இரு பங்கு பழுதுபட்ட பின்னரே இக்குறி தோன்றும். குறி தோன்றுமுன் நோயைக் காண இரத்தமும் சிறுநீரும் சோதித்தல் வேண்டும். கருத்தடை செய்யாத பெட்டை நாய், பருவம் கழிந்த சில வாரங்களில் இவ்வாறு குடித்தால், அது கருப்பையில் சீழ் கோத்ததன் அடையாளமாகலாம். ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

இரண்டாவது, வாய். துர்நாற்றம் முதுமையின் மணமன்று. பல்லில் காரை படிந்து ஈறு அழுகுவதன் விளைவு. தீனி எடுக்காமைக்குப் பல்வலியே காரணமாதலும் உண்டு.

மூன்றாவது, எடை. திங்களுக்கு ஒரு முறை நிறுத்துக் குறித்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத மெலிவும் கணக்கில் தெரியும்.

காய்ச்சல் என்றெண்ணி நம் வீட்டுப் பாரசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்தல் கூடவே கூடாது. அது பூனைக்கு நஞ்சு.

"கிழ நாய்க்கு ஊசி எதற்கு?" என்பாரும் உளர். வெறிநோய் வயது பார்ப்பதில்லை. கண்டபின் அதற்கு மருந்தும் இல்லை. தடுப்பூசியை நிறுத்தினால் இடருக்குள்ளாவது நாய் மட்டுமா? அதனோடு விளையாடும் குழந்தையுமன்றோ!

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் தம் வீட்டு நாயின் வாயைத் திறந்து பார்த்து, கடைசித் தடுப்பூசி எப்போது போட்டதென்றும் வீட்டாரைக் கேட்பாராக. நம்மை நம்பி வாழ்ந்த வாயில்லா உயிருக்கு நாம் செய்யும் கடமை அங்கே தொடங்கும்.