செம்பாட்டு மண்ணுக்கு எந்தச் சாம்பல்?

கொக்குவில்

அன்புள்ள தம்பிக்கு,

வண்ண நிலக்காட்சிப் படத்தைக் கணினியில் கறுப்பு வெள்ளையாக்குவது, ஒவ்வொரு நிறத்துக்கும் எவ்வளவு வெளிச்சம் கொடுப்பது என்று முடிவெடுக்கும் வேலை. டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஜேபெக் படத்தில் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். கறுப்பு வெள்ளையில் மூன்றும் கலந்து ஒரே எண்ணாகின்றன: 0 கறுப்பு, 255 வெள்ளை, இடைப்பட்டவை சாம்பல்.

பல மென்பொருள்கள் தாமாக மாற்றும்போது சிவப்பில் 29.9 சதவீதம், பச்சையில் 58.7, நீலத்தில் 11.4 என்று எடுத்துக் கூட்டுகின்றன. மனிதக் கண் பச்சை ஒளியையே அதிகம் உணர்வதால் அதற்கு முதலிடம். இந்தக் கணக்கு எல்லாப் படத்துக்கும் பொருந்துவதில்லை. கொக்குவிலின் புகையிலைத் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். செம்பாட்டு மண்ணின் ஒரு புள்ளி சிவப்பு 150, பச்சை 75, நீலம் 45 என்றும், இலையின் ஒரு புள்ளி 70, 115, 50 என்றும் இருந்தால், இரண்டுக்கும் கிடைக்கும் விடை 94. நேரில் பளிச்சென்று பிரிந்து தெரிந்த மண்ணும் பயிரும் ஒரே சாம்பலில் கரைந்துபோகும். அவசரமாக மாற்றிய படங்கள் மங்கலாகத் தெரிவதற்கு முக்கிய காரணம் இதுதான்.

இதற்கு மருந்து நிறக் கலவைக் கருவி. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் அது மோனோ மிக்சர். சிவப்பை 70, பச்சையை 25, நீலத்தை 5 சதவீதம் என வைத்தால், அதே மண் 126 ஆக ஏறும். இலை 80 ஆக இறங்கும். பாத்தியும் வரம்பும் துலங்கும். 110, 160, 210 என்றிருந்த நீல வானம் 151 இலிருந்து 128 க்குக் கருக்கும். வெண்முகில் மாறாமல் நிற்பதால் எடுப்பாகத் தெரியும். மூன்று சதவீதங்களின் கூட்டுத்தொகை 100 ஆக இருப்பது நல்லது. அது மிஞ்சினால் முகிலின் நுணுக்கங்கள் வெறும் வெள்ளையாகிவிடும்.

ஃபிலிம் காலத்தில் இதே வேலையைக் கண்ணாடி வடிகட்டிகள் செய்தன. அமெரிக்கரான ஆன்செல் ஆடம்ஸ் 1927 இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையைச் சிவப்பு வடிகட்டி போட்டு எடுத்து, வானத்தைக் கிட்டத்தட்டக் கறுப்பாக்கினார். அவர் படம் எடுக்குமுன் தீர்மானிக்க வேண்டியிருந்ததை இன்று எடுத்தபின்னும் தீர்மானிக்கலாம்.

லைட்ரூம் மென்பொருளில் எட்டு நிறங்களுக்குத் தனித்தனி ஸ்லைடர்கள் உண்டு. இலைகளின் பச்சையில் மஞ்சள் அதிகம் கலந்திருப்பதால், பனையோலைக்கும் வாழையிலைக்கும் பச்சையோடு மஞ்சள் ஸ்லைடரையும் நகர்த்த வேண்டும். நீலத்தை அளவுக்கு மீறி இறக்கினால் வானத்தில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் எழும்; ஓலை நுனிகளைச் சுற்றி வெள்ளைக் கோடு படரும். இப்படி நகர்த்த, ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்; கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரோ கோப்பில் 16,384. ஆகவே கமராவில் ரோ வசதி இருந்தால் அதிலேயே எடுப்பது நல்லது.

ஒரே அளவு படம் முழுவதற்கும் பொருந்தாமலும் போகலாம். தோட்டத்துக்குப் பின்னால் கோயில் மதில் இருந்தால், மண்ணை ஒளிரச் செய்த அதே சிவப்பு, காவிப் பட்டைகளை வெளிறவைத்து வெள்ளைப் பட்டைகளோடு நெருக்கிவிடும். அப்போது சிவப்புக் குறைவாக இன்னொரு படலம் தயாரித்து, மாஸ்க் மூலம் மதிலுக்கு மட்டும் அதைக் காட்ட வேண்டும்.

கலவை சரியான பிறகே, வெளிச்சத்தையும் இருளையும் சீராக்கும் கர்வ்ஸ் கருவிக்குப் போக வேண்டும். ஆழ்ந்த நிழலில் மட்டும் கறுப்பும், முகிலின் உச்சியில் மட்டும் வெள்ளையும் இருந்தால் போதும். பின்னர் கிடுகு வேலியின் பின்னல், பனையின் சொரசொரப்பு போன்றவற்றைத் தூரிகையால் சற்று வெளிச்சமாக்கலாம். இவை காலை, மாலைச் சாய்வெயிலில் எடுத்த படத்தில்தான் நன்றாக வரும். உச்சிவெயிலில் தட்டையாகிப்போன வேலியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நிறமே அழகாக இருக்கும் அந்தி வானத்தை வண்ணத்திலேயே விட்டுவிடலாம்.

மூல வண்ணக் கோப்பை ஒருபோதும் அழிக்கக் கூடாது. மாற்றங்களைப் பிரதியில்தான் செய்ய வேண்டும். ஸ்லைடரைத் தொடுமுன், இந்தப் படத்தில் எது எதிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள், தம்பி. அதற்கு விடை கிடைத்துவிட்டால் எந்த நிறத்தை ஏற்றுவது, எதை இறக்குவது என்பது தானே விளங்கும்.

அன்புடன்,
அண்ணா