கண் கடைசியில் திறக்கட்டும்



கொலுவில் வைப்பதற்கென்று குரோஷாவில் பின்னி, உன் தாயார் மூலம் நீ கொடுத்தனுப்பிய திருவாளன் பொம்மை, மடியிலுள்ள முறத்தில் சிசுவைக் கிடத்தியபடி மூன்று நாட்களாக என் மேஜைமீது வீற்றிருக்கிறது. அவயவம் அமையாத பிண்டமாகப் பிறந்து, புதரடியில் விடப்பட்டு, பெருமாள் கிருபையால் உயிர்பெற்ற குழந்தையைப் பிரம்பறுக்க வந்த திருவாளன் கண்டெடுத்துப் பங்கயச்செல்வியிடம் சேர்ப்பித்தான் என்பதன்றோ நம் திருமழிசை ஆழ்வாரின் சரித்திரம்! ஆழ்வாரை விட்டு, அவரை வளர்த்த கைத்தொழிலாளியை நீ தேர்ந்தெடுத்த விவேகத்துக்கே உன்னை வாழ்த்த வேண்டும்.

முறமோ அற்புதம். கண்ணியின் தலையில் குத்தாமல் அதன் தண்டைச் சுற்றி ஊசியை முன்னும் பின்னுமாக வளைத்து, துவளுகிற நூலுக்கு மூங்கிற் பத்தையின் விறைப்பை ஏற்றியிருக்கிறாய். ஐம்பது வருஷமாக ஊசி பிடித்தும் இப்படியொரு முறம் என் கையிலிருந்து வந்ததில்லை.

அந்த முகத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பாக்கெட்டில் விற்கும் பிளாஸ்டிக் கண்களை வைத்திருக்கிறாய். அவற்றின் வில்லையை உட்புறமிருந்து மாட்டவேண்டியிருப்பதால், தலையை மூடுவதற்கு முன்பே, பஞ்சு முழுவதும் ஏறாத நிலையிலேயே, பார்வை இன்ன திசையென்று தீர்மானமாகிவிடுகிறது. பிறகு நீ பஞ்சைத் திணிக்க, நெற்றி புடைத்து, கண்கள் மேலேறி, உன் திருவாளன் முறத்தில் கிடக்கும் குழந்தையைப் பாராமல் எதிர்ச்சுவரைப் பார்த்தான். குழந்தையைக் கண்ட கண்ணல்லவா அது! நம் ஸ்தபதிகள் மற்ற அங்கங்களெல்லாம் பூர்த்தியான பின்னரே பொன்னூசியால் விக்கிரகத்தின் கண் திறக்கிறார்கள். இந்தப் பொம்மைக் கலையை 'அமிகுருமி' என்று பெயரிட்டு வளர்த்த ஜப்பானியரிலும் நூலாலேயே கண் தைப்பவர்கள் உண்டு. நூற்கண்ணைக் கடைசியில் தைக்கலாம். பிடிக்காவிட்டால் பிரித்து, ஒரு கண்ணி கீழே இறக்கித் தைக்கலாம். இதை நான் சொல்லாத மாணவி கிடையாது, சொல்லாமல் விடப்போவதுமில்லை.

இன்னொன்று. ஆறு கண்ணியில் தொடங்கிச் சுற்றுக்கு ஆறாகப் பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்துநான்கு என்று கூட்டியவள், ஒவ்வொரு சுற்றிலும் கூட்டலை முந்தைய கூட்டலின் மேலேயே அடுக்கியதால், மண்டை நெல்லிக்காய்போல் ஆறு விளிம்பு கட்டிவிட்டது. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கூட்டலைத் தள்ளிப் போடு, போதும்.

எனக்குத் தையல் கற்பித்த ஆசிரியை நாகர்கோவில்காரர். 1820-ஐ ஒட்டி அங்கே மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குக் கற்பித்த, திண்டின்மேல் வைத்துப் பின்னும் லேஸ், என் ஆசிரியையின் பாட்டி காலம்வரை வீட்டில் நடந்ததாம். நான் ஒரு வாரம் பாடுபட்டுப் பின்னிய மேஜை விரிப்பை வாங்கிப் பார்ப்பார். மறுவார்த்தையின்றி நுனியைப் பிடித்து இழுப்பார். என் கண்ணெதிரே சுற்றுச் சுற்றாக அது அவிழ்ந்து அவர் மடியில் சுருள் நூலாய் விழும். அழுதிருக்கிறேன். குரோஷாவில் எந்நேரமும் அவிழ்ந்து நிற்பது ஊசியிலுள்ள ஒரே கண்ணிதான், ஆகவே தவறிய இடம்வரை பயமின்றித் திரும்பிப் போகலாம் என்பதை அந்த அழுகையில்தான் என் விரல்கள் கற்றன. இரண்டு ஊசியால் பின்னும் சாதாரணப் பின்னலுக்கு வில்லியம் லீ 1589-லேயே இயந்திரம் கண்டுவிட்டார். குரோஷாவை இன்றும் கைதான் பின்னுகிறது. 2016 ஜனவரி 31-ஆம் தேதி சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் விரிந்து கின்னஸில் ஏறிய குரோஷாப் போர்வையும் பெண்கள் கையால் பின்னிய துண்டுகளை இணைத்ததே. போர்வையில் ஒருத்தியின் துண்டும் மற்றொருத்தியின் துண்டும் பேதமின்றிச் சேர்வது அழகு. முகத்துக்கு அது பொருந்தாது.

ஆகையால் தை பிறக்கும்வரை உடல் பின்னாதே. தலைகளாகவே பன்னிரண்டு பின்னி, ஒவ்வொன்றுக்கும் கறுப்பு நூலால் கண் தைத்துப் பார். திருவாளனின் தலையை நேற்றிரவு நானே பிரித்துவிட்டேன்; அந்த நூலை உருண்டையாகச் சுற்றி உன் தாயாரிடம் கொடுத்திருக்கிறேன். உடலும் முறமும் சிசுவும் என் மேஜைமீது காத்திருக்கின்றன. பதின்மூன்றாவது தலையோடு நீயே வா. கழுத்தில் பொருத்திய பிறகு, குழந்தையைப் பார்த்துக்கொண்டே இங்கே உட்கார்ந்து கண்ணைத் தைக்கலாம்.