எல்லோருக்கும் திறக்கும் வாசல்
மகாநாட்டு இணையத்தளம் அமைப்பது பற்றிய ஒரு பாடம்

தொழில்நுட்ப மகாநாடு என்றால் அது படித்தவர்களின் காரியம், தோட்டக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று எம் தீவகக் குடும்பங்களிற் சிலர் கேட்பதுண்டு. ஆனால் சொட்டுநீர்ப் பாசனமும் விதையும் சந்தை விலையும் அங்கேதான் பேசப்படுகின்றன. எங்கே, எப்போது, எப்படிப் பதிவது என்ற அறிவித்தலோ இணையத்தளத்தில் வருகிறது. ஊர்காவற்றுறையையும் வேலணையையும் விட்டுப் பெயர்ந்த எம்மவருள் போரிலே பார்வையையோ கையையோ இழந்தவர்கள் உளர். அந்த வாசல் அவர்களுக்கும் திறக்குமா?

பார்வையற்றவர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையோடு படிக்கிறார். அது பக்கத்திலுள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும். 2006இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகவே கிடைக்கிறது. கைத்தொலைபேசிகளிலும் இவ்வசதி உண்டு. ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தை இவற்றை நம்பி விட்டுவிட முடியாது. எம்மவர் வழக்கமோ, நிகழ்ச்சிநிரலை அழகிய சுவரொட்டியாக்கி அப்படியே ஏற்றிவிடுவது!

தமிழுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலே திரையில் தெரிவது தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அது வெறும் கிறுக்கல். திரைவாசிப்பானும் பொருளற்ற எழுத்துக்களையே உளறும். 1999 பெப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மகாநாடு பொதுவான விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் வழிதேடியது இத்தகைய குழப்பத்தாலேயே. தமிழ்99 விசைப்பலகை அதன் பயன். அதே ஆண்டு மே மாதத்தில், எவரும் அணுகத்தக்க தளங்களுக்கான முதலாவது வழிகாட்டியை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்டது. இன்று யூனிகோட் இருக்க, பாமினியில் அறிவித்தல் போடுவதற்கு நியாயம் எதுவுமில்லை.

தளம் அமைக்கும் இளைஞர்களுக்குச் சில சொல்வோம். தலைப்பைத் தடித்த எழுத்தாக மட்டும் விடாது தலைப்பென்றே குறியுங்கள். அப்போதுதான் கேட்பவர் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவலாம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கம் வேண்டும். "சிவப்புப் பெட்டிகளை நிரப்புக" என்றால் நிறம் பிரித்தறியாதவர் என்ன செய்வார்? சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு இருக்கட்டும். பின்பு மவுஸைக் கழற்றிவிட்டு, விசைப்பலகையால் மட்டும் பதிவுப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். நீங்கள் சிக்கும் இடத்திலேயே பார்வையற்றவரும் சிக்குவார்.

"எத்தனை பார்வையற்றோர் வரப்போகிறார்கள்?" என்று கேட்போர் உண்டு. கப்பர்நாகூமில் வாசலிலே இடமில்லாதபடியால் முடக்குவாதமுற்றவரை நால்வர் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். எல்லோருக்கும் அப்படி நால்வர் கிடைப்பதில்லை.

மண்டபத்தின் படிகள், சக்கர நாற்காலிக்குரிய சாய்தளம், மலசலகூடம் பற்றியும் தளத்தில் எழுதுங்கள். அமர்வு எத்தனை மணிக்கு முடியும் என்பதும் வேண்டும். நெடுந்தீவு மக்கள் குறிகாட்டுவானில் கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு எங்கே தங்குவது? இணையம் இல்லாதவர் பதிவதற்கு ஒரு தொலைபேசி இலக்கத்தையும் பக்கத்தின் மேலேயே போடுங்கள். வெளியிடும் முன், திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரை அழைத்து, தளத்தை அவர் கையிலே கொடுத்து, பேசாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள்.